வீட்டு வரி ரசீது கேட்டு வந்த பெண்

பெண் கைதிகளைப் பற்றி பேப்பரில் செய்தி வந்தால் முன்பெல்லாம் பக்கத்தைத் திருப்பி விடுவேன். 'தப்பு செய்யாமலா பிடித்துப் போனார்கள்?' என்றுதான் தோன்றும்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் அக்காவை ஒரு சீட்டுப் பண வழக்கில் பிடித்துப் போனார்கள். கோர்ட்டில் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வர, சொந்த வீடும் வரி ரசீதும் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். புருஷன் ஒரு தடவைகூட மனு போட்டுப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவர்கள் 'மானம் போச்சு' என்று ஒதுங்கிவிட்டார்கள். ஏழாவது படித்த மூத்த பெண் எங்கள் வீட்டுக்கும் வந்து கேட்டது. ரசீது பீரோவில்தான் இருந்தது. "நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் என் வீட்டுக்காரர். நானும் வாய் திறக்கவில்லை.

அக்கா மேலும் இரண்டரை மாதம் உள்ளேயே கிடந்தார். தம்பியைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டது.

இதுவே புருஷன் உள்ளே போயிருந்தால்? தாலியை அடகு வைத்தாவது பெண்டாட்டி வக்கீல் வீட்டுக்கு அலைந்திருப்பாள். பொம்பளை போனால் வாசலில் காத்திருக்க ஆளில்லை.

2022 டிசம்பர் கடைசியில் எடுத்த அரசுக் கணக்குப்படி, நாடு முழுக்கச் சிறைகளில் 1,537 தாய்மார்களோடு 1,764 பிள்ளைகள் இருந்தார்கள். அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபணமாகாதவர்கள். பிள்ளைகள் 6 வயது வரை அம்மாவோடு இருக்கலாம் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்கு மேல் வயதாகி வெளியே தங்கிவிட்ட பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட்டே யோசிக்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; 15100-க்கு போன் செய்தால் விவரம் சொல்வார்கள். இதெல்லாம் எனக்கே இப்போதுதான் தெரியும். சிறையில் இருப்பவளுக்கு யார் போய்ச் சொல்வது? மனு பார்க்கப் போகிறவர்கள்தானே சொல்ல முடியும்!

அந்தப் பெண்ணை மறுபடி பள்ளியில் சேர்க்க நானும் அக்காவும் போய் வந்தோம். எட்டாவதில் சேர்த்துக்கொள்வதாக டீச்சர் சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார அதுதான் வெட்கப்படுகிறது. தினமும் சாயந்திரம் பேசிப் பார்க்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி