சராசரிக்குள் மறையும் சாவு

"அமெரிக்காவில் டொர்னேடோவால் ஆண்டுக்குச் சராசரியாக 70 பேர்தான் சாகிறார்கள், சாலையில் சுமார் 40,000 பேர். எனவே டொர்னேடோ பயம் வீண்பயம்." வாதம் இதுதான். கணக்கு சரி, முடிவு தப்பு.

1. சராசரி ஆண்டு என்று ஒன்று வருவதில்லை. 2011இல் 550 பேருக்கு மேல் இறந்தார்கள். மே 22 அன்று, சுமார் 50,000 பேர் வாழும் மிசௌரியின் ஜாப்ளினில் ஒரே டொர்னேடோவுக்கு ஏறத்தாழ 160 பேர் பலி. அந்த ஊர்க்காரரிடம் தேசிய சராசரியை நீட்டுவீர்களா?

2. எத்தனை பேரால் வகுக்கிறீர்கள்? டொர்னேடோவே அரிதான அலாஸ்காக்காரரையும் அடிக்கடி அதைச் சந்திக்கும் ஓக்லஹோமாக்காரரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எந்த ஆபத்தும் சிறுத்துத்தான் போகும்.

3. சாவு எல்லோர் வீட்டையும் ஒன்றுபோலத் தட்டுவதில்லை. பலியாவோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மொபைல் ஹோம் என்னும் நகர்த்தக்கூடிய வீடுகளில் வசிப்பவர்கள். ஆழமான அஸ்திவாரமில்லை, பதுங்க நிலவறையில்லை. காற்று வீட்டையே புரட்டிவிடுகிறது. அவர்கள் பயமும் வீண்பயமா?

4. அந்த 70 எப்படி 70 ஆனது? 1925இல் முன்னெச்சரிக்கை கிடையாது. மூன்று மாநிலங்களைக் கிழித்த ஒரே டொர்னேடோ 695 பேரைக் கொன்றது. இன்று டாப்ளர் ரேடார் இருக்கிறது, சைரன் இருக்கிறது, ஓடி ஒளியச் சில நிமிடங்களாவது கிடைக்கின்றன. பயந்ததால் குறைந்த எண்ணைக் காட்டி, பயப்படாதே என்பது என்ன நியாயம்?

5. பெரிய ஆபத்து இருப்பதால் சிறியது பொய்யாகிவிடாது. புற்றுநோய் சாலை விபத்தைவிடப் பல மடங்கு பேரைக் கொல்கிறது. அதற்காக சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவீர்களா?