அப்பளம்போல் நொறுங்கும் கார்! உயிரைக் காப்பது எது?

"கார் அப்பளம்போல் நொறுங்கியது."

விபத்துச் செய்திகளில் இந்த வரி அடிக்கடி வரும். அரியலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் இதை யாராவது உரக்கப் படித்தால், பெரியவர் ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்:

"அந்தக் காலத்து அம்பாசிடர் இப்படி ஆகுமா? அது இரும்பு ஐயா, இரும்பு! இப்போது வருகிறது எல்லாம் தகர டப்பா!"

கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. புதிய காரின் பானெட்டைக் கையால் அழுத்தினாலே பள்ளம் விழுகிறது. மோதினால் நடுவில் மடங்கி, கூடாரம்போல் மேலே எழும்பி நிற்கிறது.

ஆனால், அது தற்செயலாக மடங்கவில்லை. மடங்கவேண்டும் என்று திட்டம் போட்டே செய்திருக்கிறார்கள். எந்த இடத்தில் மடங்கவேண்டும், எவ்வளவு மடங்கவேண்டும், எந்தப் பக்கம் எழும்பவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. காரின் முன்பக்கம் நசுங்குவது, உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருப்பதற்காக!

அரியலூர், பெரம்பலூர் ரோடுகளில் கார் ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடங்களும் அங்கே உண்டு.

செங்கல் பிடிக்கும் வித்தை

மாடி கட்டும் இடத்தில் பார்க்கலாம். கீழே நிற்பவர் செங்கலை மேலே வீசுகிறார். சாரத்தில் நிற்பவர் பிடிக்கிறார். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு பிடித்தால் விரல் பெயர்ந்துவிடும். அவர் அப்படிப் பிடிப்பதில்லை. செங்கல் வருகிற போக்கிலேயே கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறார். வலிப்பதில்லை.

அதே செங்கல்தான். அதே வேகம்தான். நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் வேறு.

காருக்கும் இதுவே வித்தை. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே விழுவதற்குச் சமம். அதாவது, நான்கு மாடி உயரம்! அந்தக் கார் 10 சென்டி மீட்டர் தூரத்துக்குள் சடக்கென்று நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் உடம்பில் அவருடைய எடையைப்போல் 140 மடங்கு விசை பாயும். பிழைப்பது அரிது.

அதே கார் 60 சென்டி மீட்டர் தூரம் நசுங்கி நின்றால்? விசை 24 மடங்காகக் குறைகிறது. அதுவும் லேசான அடி அல்ல. ஆனால் பெல்ட் போட்டிருக்கும் உடம்பு, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

அந்த 60 சென்டி மீட்டரைக் கொடுப்பதுதான் காரின் முன்பக்கத்துக்கு இடப்பட்ட வேலை.

பானெட் கத்தியானால்...

பானெட் என்பது ஒரே தகடு அல்ல. மேலே பளபளப்பாகத் தெரிவது ஒரு தகடு. திறந்து பார்த்தால் உள்பக்கம் இன்னொரு தகடு, எலும்புக்கூடு மாதிரி ஓட்டைகளும் வரிகளுமாக இருக்கும். அதில் குறுக்கே சில இடங்களில் வேண்டுமென்றே பலவீனம் வைத்திருக்கிறார்கள். தபால் கார்டை மடிப்பதற்கு முன்னால் நகத்தால் கோடு போடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

மோதும்போது பானெட் அந்தக் கோட்டில் மடங்கி மேலே எழும்புகிறது. அப்படி மடங்காவிட்டால் என்ன ஆகும்? முழுத் தகடும் விறைப்பாகப் பின்னால் தள்ளப்படும். கண்ணாடியை உடைத்துக்கொண்டு, டிரைவரின் முகத்துக்கு நேரே கத்திபோல் வரும்! அது வராமல் பிடித்துக்கொள்ளத்தான் கண்ணாடி ஓரத்தில் இருக்கும் இரண்டு கீல்களும். முன்னால் பூட்டு ஒன்று போதாது என்று இரண்டாவதாக ஒரு கொக்கியும் வைத்திருக்கிறார்கள்.

பானெட்டுக்குக் கீழே, பம்பரில் இருந்து உள்ளறை வரை இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. பெரிய விசையை வாங்குவது இவைதான். துருத்தி மடிவதுபோல் வரிசையாக மடிகின்றன. மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் உள்ளறையோ இதற்கு நேர்மாறு. அது மடங்கவே கூடாது. அங்கே போடுவது கெட்டியிலும் கெட்டியான எஃகு.

ஆகவே, விபத்தில் சிக்கிய காரைப் பார்க்கிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கதவைப் பார்க்க வேண்டும். கையால் இழுத்ததும் கதவு திறந்தால், அந்தக் கார் பெரும்பாலும் தன் கடமையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம்.

பாரேனி சொன்னது

முதலில் இதைச் சொன்னவர் பேலா பாரேனி என்ற என்ஜினீயர். 1907-ல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். ஜெர்மனியில் மெர்சிடிஸ் கார் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். "கார் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பத்திரம்" என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. காரை மூன்றாகப் பிரிக்கவேண்டும், முன்னும் பின்னும் நசுங்கவேண்டும், நடுப்பகுதி மட்டும் கெட்டியாக இருக்கவேண்டும் என்றார் பாரேனி. 1951-ல் உரிமைப் பதிவுக்கு மனுப் போட்டார். 1959-ல் அந்த முறையில் செய்த கார் விற்பனைக்கு வந்தது.

பழைய கார்தான் பத்திரம் என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காக இன்சூரன்சு கம்பெனிகள் நடத்தும் கழகம் ஒன்று இருக்கிறது. 2009-ம் ஆண்டு, அதன் 50-வது ஆண்டு நிறைவின்போது, இரண்டு செவர்லே கார்களை நேருக்கு நேர் மோதவிட்டார்கள். ஒன்று 1959-ம் வருடத்து 'பெல் ஏர்'. மலைபோன்ற கார். மற்றொன்று 2009-ம் வருடத்து 'மாலிபு'. இரண்டும் மணிக்கு சுமார் 64 கிலோ மீட்டர் வேகம்.

மோதிய பிறகு பார்த்தால், 1959 காரின் உள்ளறை உருக்குலைந்து கிடந்தது. டிரைவர் இடத்தில் வைத்த பொம்மைக்குப் பதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரிலோ காலில் மட்டும் காயம் பட்டிருக்கும்!

இங்கே என்ன நிலைமை?

இந்தியாவில் இந்த விஷயம் வெகு காலம் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 2014 ஜனவரியில், குளோபல் என்காப் என்ற வெளிநாட்டு அமைப்பு இந்தியாவில் விற்கும் 5 சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்! மூன்று கார்களில் உள்ளறையே தாக்குப்பிடிக்கவில்லை. மற்ற இரண்டில் அறை தாங்கியது. ஆனால் காற்றுப்பை இல்லை.

பிறகு சட்டம் வந்தது. 2017 அக்டோபர் முதல் புதிய ரகங்களும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களும் மணிக்கு 56 கிலோ மீட்டர் வேக மோதல் சோதனையில் தேறவேண்டும் என்று கட்டாயம் ஆயிற்று. 1984 முதல் ஓடிய மாருதி ஆம்னி வேன் 2019-ல் நிறுத்தப்பட்டதற்கு இதுவே காரணம். அந்த வண்டிக்கு மூக்கே கிடையாது. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அவ்வளவுதான். நசுங்க இடம் இல்லாத வண்டியில் எதை நசுக்குவது?

2023 அக்டோபரில் 'பாரத் என்காப்' வந்தது. 64 கிலோ மீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் இடிபடும்படி மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். இது கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்துகொள்வது, கட்டாயம் அல்ல. கார் வாங்கப் போகிறவர்கள் "மைலேஜ் என்ன?" என்று கேட்கும்போதே "நட்சத்திரம் எத்தனை?" என்றும் கேட்கலாம். கேட்பவர்கள் பெருகினால், எல்லாக் கம்பெனிகளும் முன்வரும்.

மடியில் குழந்தை

முன்பக்கம் எவ்வளவு அழகாக நசுங்கினாலும், பெல்ட் போடாதவருக்குப் பயன் இல்லை. கார் 60 சென்டி மீட்டரில் நிற்கிறது. அவர் நிற்பதில்லை. பழைய வேகத்திலேயே போய் டாஷ்போர்டில் மோதுகிறார்.

டாட்டா நிறுவனங்களின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ந் தேதி மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தார். கார், பாரேனி வேலை பார்த்த அதே மெர்சிடிஸ். முன் சீட்டில் இருந்த இருவர் காயத்துடன் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள்.

அந்த ஒரே ஆண்டில், இந்தியாவில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் டிரைவர்கள் அல்ல, கூட வந்தவர்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் முன் சீட்டில் தாயின் மடியில் குழந்தையை உட்கார வைப்பது வழக்கம். "நான்தான் கெட்டியாகப் பிடித்திருக்கிறேனே!" என்பார் தாய். மேலே சொன்ன 24 மடங்குக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கவேண்டும். 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 240 கிலோ மூட்டைபோல் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. குழந்தைக்கென்று தனி இருக்கை விற்கிறது. அதைப் பின் சீட்டில் பொருத்தவேண்டும்.

கம்பி கட்டிய கார்

சிலர் காரின் முன்னால் தடித்த இரும்புக் குழாயை வளைத்து மாட்டுகிறார்கள். பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் அந்தக் குழாய், விசையை நேராகச் சட்டத்துக்குள் இறக்கி, மடிய வேண்டிய வரிசையைக் குலைக்கிறது. காற்றுப்பை விரிய வேண்டிய நேரமும் தவறிப்போகலாம். நடந்து போகிறவர்மேல் மோதினால் சொல்லவே வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய அரசாங்கம் இவற்றின்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. இன்னும் மாட்டிக்கொண்டு ஓடுகிற வண்டிகள் உண்டு.

பட்டறை வேலையும் கவனிக்க வேண்டியது. ஒருமுறை மடிந்த சட்டத்தைச் சுத்தியால் அடித்து நிமிர்த்தி, வெல்டு வைத்து, பட்டி பூசிவிட்டால் புதுசுபோல் தெரியும். ஆனால் அடுத்த மோதலில் அது கணக்குப்படி மடியாது. பழைய கார் வாங்குகிறவர்கள் பானெட்டைத் திறந்து, உள்சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அரியலூர் ரோடு

ஒரு காலத்தில் அரியலூர் விபத்து என்றால் ரயில்தான் நினைவுக்கு வரும். 1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். இன்று அந்த வட்டாரத்து மக்கள் அஞ்சுவது ரோட்டில் ஓடும் லாரிகளைக் கண்டு. மறியல்கூடச் செய்து பார்த்துவிட்டார்கள்.

பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. அதனால் அரியலூர், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், கோவிந்தபுரம், தளவாய் என்று சுற்றிலும் சிமெண்டு ஆலைகள். கல் ஏற்றிய டிப்பர் சுரங்கத்தில் இருந்து ஆலைக்கு ஓடுகிறது. மூட்டை ஏற்றிய லாரி ஆலையில் இருந்து வெளியூருக்கு ஓடுகிறது. இரவும் இதுதான், பகலும் இதுதான்.

இங்கேதான் பாரேனியின் கணக்குக்கு ஆபத்து. காரின் முன்பக்கம் முழுவதும் ஒன்றை நம்பிச் செய்யப்பட்டது. எதிரில் இருப்பது பம்பர் உயரத்தில் மோதும் என்பதே அது. சுவர் மோதும். இன்னொரு கார் மோதும். ரோட்டோரம் விளக்கு இல்லாமல் நிற்கும் லாரியின் பின்பக்கம்? அதன் அடித்தட்டு பம்பரைவிட உயரம்! பம்பரும் சட்டங்களும் ஒன்றிலும் படாமல் லாரிக்குக் கீழே நுழைந்துவிடும். பானெட் உரிந்துகொண்டு போகும். லாரியின் இரும்பு முதலில் பலமாகத் தொடும் இடம் கண்ணாடி. அதற்குப் பின்னால் இருப்பது மனிதத் தலை. ஐந்து நட்சத்திரக் காரானாலும் இந்த இடத்தில் நட்சத்திரத்துக்கு வேலை இல்லை.

ஹாலிவுட் நடிகை ஜெய்ன் மான்ஸ்பீல்டு இப்படித்தான் இறந்தார். 1967 ஜூன் 29-ந் தேதி அதிகாலை, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குப் போகும் ரோட்டில் அவருடைய கார் ஒரு பெரிய லாரியின் பின்னால் நுழைந்தது. முன் சீட்டில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். பின் சீட்டில் இருந்த அவருடைய மூன்று குழந்தைகளும் தப்பினார்கள். லாரியின் பின்னால் கார் நுழையாதபடி தாழ்வாக மாட்டும் இரும்புத் தடுப்புக்கு இன்றும் அமெரிக்காவில் 'மான்ஸ்பீல்டு கம்பி' என்ற பெயர் வழங்குகிறது.

இந்தியாவிலும் லாரிக்கு இந்தத் தடுப்புக் கம்பி வேண்டும் என்று விதி இருக்கிறது. சிவப்பு ஒளிப்பட்டையும் ஒட்டவேண்டும். ஆனால் டிப்பருக்கு ஒரு சங்கடம். தொட்டி பின்பக்கம் சாய்ந்து கல்லைக் கொட்டும்போது தாழ்வாக இருக்கும் கம்பி இடிபடும், வளையும். வளைந்ததைச் சரிசெய்யாமல் ஓட்டுவதும், தொல்லை என்று கழற்றிப் போடுவதும் உண்டு. ஒளிப்பட்டை மீதோ கல்தூசி படிந்துவிடுகிறது. பின்னால் வருகிறவரின் விளக்கு வெளிச்சம் பட்டாலும் அது மின்னுவதில்லை.

எப்.சி. காட்டும் நாளில் கம்பி இருக்கும். லாரிக்கு எப்.சி. என்பது எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குமேல் வருடத்துக்கு ஒருமுறை. இடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான இரவுகளில் யார் பார்ப்பது? ரோட்டில் நிறுத்திப் பார்க்கப் போலீசார் போதாது. ஆனால், எடை போடாமல் எந்த லாரியும் சிமெண்டு ஆலையின் கேட்டைத் தாண்டுவதில்லை. எடை மேடையில் லாரி நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில், பின்பக்கம் போய்க் குனிந்து கம்பியைப் பார்க்கவும், ஒளிப்பட்டையைத் துணியால் துடைக்கவும் ஒரே ஒரு ஆள் போதும்.