தலையெழுத்தும் சிறுநீரும்

ஒரு வீட்டில் அறிவு வளராத குழந்தை பிறந்துவிட்டால் நம்மவர்கள் முதலில் யாரைத் தேடிப் போகிறார்கள்? ஜோசியனைத்தானே! அவன் பூர்வ ஜென்ம பாவம் என்கிறான், தோஷம் என்கிறான், பரிகாரம் என்கிறான். தட்சணையை மடியில் முடிந்துகொண்டு நடையைக் கட்டுகிறான். வீட்டாரோ அந்தப் பாவத்தைப் பெற்றவள் தலையில் சுமத்திவிடுகிறார்கள். குழந்தை மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

நிற்க. நார்வே தேசத்தில் இதே துயரம் வந்த ஒரு வீட்டின் சங்கதியைக் கேளுங்கள். அங்கே ஒரு அம்மையாருக்குப் பெண்ணொன்றும் ஆணொன்றுமாக இரண்டு குழந்தைகள். பிறந்தபோது இருவருக்கும் குறை ஏதும் தெரியவில்லை. நாளாக நாளாக இருவருக்குமே அறிவு வளரவில்லை. குழந்தைகளிடம் ஒரு விநோதமான வாடை வீசுவதையும் தாயார் கவனித்தார். "காரணம் என்ன?" என்று டாக்டர் டாக்டராக அலைந்தார். பதில் கிடைக்காவிட்டாலும் கேள்வியை விடவில்லை. கடைசியில் 1934-ல் ஆஸ்லோ நகரத்து டாக்டர் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரிடம் வந்தார்.

இந்த ஃபோலிங் 1888-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் இரசாயனம் படித்து, பிறகு வைத்தியம் படித்தவர். அவர் ஜாதகம் கேட்கவில்லை. குழந்தைகளின் சிறுநீரைக் கேட்டார். அதில் பெரிக் குளோரைடு என்னும் மருந்தைச் சில சொட்டு விட்டார். சிறுநீர் பச்சை நிறமாயிற்று! குழந்தைகள் சாப்பிட்ட மருந்தின் வேலையாக இருக்குமோ என்று சந்தேகித்து, எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி மறுபடியும் சோதித்தார். மறுபடியும் பச்சைதான். லிட்டர் கணக்கில் சிறுநீர் வாங்கி, வாரக்கணக்கில் பாடுபட்டு, அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தார். அது ஃபினைல் பைருவிக் அமிலம். பின்னர் அறிவு குன்றியோர் விடுதிகளுக்குச் சென்று 430 பேரைச் சோதித்தார். இன்னும் 8 பேரிடம் அதே பச்சை தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். பாலிலும் பருப்பிலும் மாமிசத்திலும் உள்ள புரதத்தில் ஃபினைல் அலனின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதை மாற்றவேண்டிய நொதி ஈரலில் சரியாக வேலை செய்யாவிட்டால், அச்சத்து இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. இதில் பிரமன் எழுதியது எங்கே? சனி பார்த்தது எங்கே?

இது பரம்பரையாய் வரும் விதத்தையும் ஃபோலிங்கும் அவர் தோழர்களும் 1945-ல் விளக்கினார்கள். தாயிடமிருந்து ஒரு பங்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கும் சேர்ந்தால்தான் நோய். அப்படிப்பட்ட தம்பதிகளுக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே பெண்ணை மட்டும் பாவி என்று ஏசுகிற யோக்கியர்கள் இனியாவது வாயை மூடட்டும்!

"உங்கள் விஞ்ஞானம் அந்த இரண்டு குழந்தைகளையும் குணப்படுத்தியதா?" என்று வைதீகர்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் காரணம் தெரிந்ததால், 1953-ல் பர்மிங்ஹாமில் ஹோர்ஸ்ட் பிக்கெல் முதலியவர்கள் அந்தச் சத்தைக் குறைத்த ஆகாரத்தால் பலன் கண்டார்கள். 1963-ல் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, சிசுவின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்தைக் காகிதத்தில் தோய்த்துச் சோதிக்கும் முறையை வெளியிட்டார். பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடித்து, ஆகாரத்தை மாற்றி, அதை விடாமல் நடத்தினால், அந்தக் குழந்தை மற்றவர்களைப்போல் வளர்ந்து படிக்கிறது. ஃபோலிங் 1973-ல் இறக்குமுன் இதையெல்லாம் கண்ணாரக் கண்டார். "டாக்டர் கையைக்கொண்டு கடவுள் செய்தார்" என்பவர்களைக் கேட்கிறோம்: அப்படியானால் நொதியைக் கெடுத்தது யார் கை?

அன்றியும், அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமுள்ள நமக்கு இதில் ஒரு பாடமுண்டு. நெருங்கிய இரத்த உறவில் மணந்தால், ஒரே முன்னோரின் குறை இருவரிடமும் ஒளிந்திருக்க இடம் அதிகம். எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வருமென்பதல்ல, வாய்ப்புக் கூடுமென்பதே. பத்துப் பொருத்தமும் பார்க்கும் ஜோசியன் இதை என்றைக்காவது சொன்னதுண்டா?

எனவே தோழர்களே, குழந்தை பிறந்த நாழிகையைக் குறித்துக்கொண்டு ஓடாதீர்கள். ஓரிரு நாள் பால் குடித்ததும் குதிகால் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமல்ல, கூலிக்காரன் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டுமென்று சர்க்காரைக் கேளுங்கள். நெற்றியில் எழுத்து ஒன்றுமில்லை. காரணம் உடம்பில் இருக்கிறது. அதைத் தேடுகிறவனே குழந்தைக்கு உதவுகிறவன்.