நண்பரின் நூலுக்கு வாய்ப்பூட்டா?

நெடுநாள் உடனிருந்து எழுதிய பாவலர் ஒருவர் புதிய பாத்தொகுப்பு ஒன்றை வெளியிடுகின்றார். அவர் பாக்களின் அருமையை நன்கறிந்த எழுத்து நண்பரோ வாய் திறவார். கேட்டால், "நண்பரின் நூலை நண்பரே பரிந்துரைத்தால் நடுநிலை கெட்டதென்று ஊர் பழிக்குமே" என்பார். இந்த நடுநிலை தமிழ்மரபு தந்ததன்று. தன் மொழியின் நெறியறியாக் கோழைமை தந்தது!

இன்று கிடைக்கும் தமிழ்நூல்களுள் மூத்ததாகிய தொல்காப்பியத்திற்குப் பாயிரம் பாடியவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியரொடு ஒருங்கு பயின்றவர் என்பது உரையாசிரியர் கூற்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் இதனை நெறியாகவே வகுத்தார். எத்துணைத் திறம் படைத்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது. ஆகவே ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், தக்க உரைகாரர் ஆகியோர் பாயிரம் உரைத்தல் வேண்டும் என்றார். அதனை அவர் வெறும் உரிமை என்னவில்லை, கடன் என்றார்!

அக்கடனை ஆற்றும் முறையும் வரையறுக்கப்பட்டுள்ளது. இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் பாயிரத்துள் விளங்க வேண்டும். இவ்வெட்டனுள் வெற்றுப் புகழுக்கு இடம் எங்கே? இற்றை அணிந்துரைகளோ பாவலரைக் கடல் என்கின்றன, மலை என்கின்றன, ஞாயிறு என்கின்றன. எந்தப் பாட்டு எந்த யாப்பில் அமைந்தது, எதனைப் பாடுகின்றது, எவர் படிக்கத் தக்கது என்று ஒரு சொல்லும் இராது. நூலைத் திறவாமலே எழுதிய அணிந்துரை நட்பாகாது; அது நட்பின் போலி! தொல்காப்பியமே அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டன்றோ அவையேறியது? குறை கண்டவிடத்துக் குறையென்று கூறும் நண்பர் வாயிலிருந்து வரும் பாராட்டே பாராட்டு.

வாய்ச்சொல் மட்டும் போதுமா? போதாது. 1891இல் பிறந்த பாவேந்தர் பாரதிதாசனின் பாடல்கள் 1938இல்தான் முதற் பெருந்தொகுதியாக வெளிவந்தன. குத்தூசி குருசாமியாரின் துணைவியார் குஞ்சிதம் அம்மையார் வெளியிட்டார். கடலூர் நாராயணசாமியார் பொருளுதவினார். உடன் உழைத்தோர் கைகொடுத்ததால் நூல் மக்களிடம் சேர்ந்தது. அறிஞர் அண்ணாவின் முயற்சியால் 25,000 உருபா பொற்கிழி வழங்கப்பட்டதோ 1946 சூலை 29இல்! நூல் முன்னே வந்தது. பொற்கிழி பின்னே வந்தது.

இன்றோ வெளியீட்டு விழாவில் ஆடை போர்த்துகின்றனர், மாலை சூட்டுகின்றனர், அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், ஒரு படியும் வாங்காமல் வீடு திரும்புகின்றனர். கடன்பட்டு அச்சிட்ட பாவலரோ, விலைபோகாத கட்டுகளைக் கட்டிலின் அடியில் அடுக்குகின்றார். அடுத்த தொகுப்பு அவர் நெஞ்சிலேயே மடிகின்றது. தமிழுக்கு நேரும் இவ்விழப்பிற்கு அயலார் மட்டுமா பொறுப்பு?

தமிழன்பர்களே! உடன் எழுதிய ஒருவரின் பாத்தொகுப்பு வெளிவந்ததாயின் விலை கொடுத்து வாங்குக! முதலிலிருந்து முடிவுவரை படித்திடுக! நிறையும் குறையும் கண்டவாறே நால்வரிடம் கூறுக! அவர்களையும் வாங்கச் செய்க! நண்பரே பேசாத நூலைப் பகைவரா வந்து பேசுவர்?