கடைக்கு வழி தெரியும்... கூட்டத்துக்கு?

ஊருக்குப் புதிதாக வந்தவர்கூட டாஸ்மாக் எங்கே இருக்கிறது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதே ஊரில், குடியை விட்டவர்கள் சாயங்காலம் கூடிப் பேசுகிற அறை ஒன்று இருக்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. கூட்டம். அது பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாது. பெயரிலேயே அனானிமஸ் இருக்கிறதே, பிறகு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ரகசியமாக இருக்க வேண்டியது வருகிறவரின் பெயர்தான், கூட்டம் நடக்கிற இடம் அல்ல.

இடம் தெரியாத வீடுகள் என்ன செய்கின்றன? கோயிலில் கயிறு கட்டுகின்றன. 'குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்' என்ற விளம்பரத்தை நம்பி சாம்பாரில் பொடி கலக்கின்றன. (இது விளையாட்டல்ல. சில மருந்துகள் உள்ளே இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்து.) இல்லையென்றால் ஐயப்பனுக்கு மாலை போட வைக்கின்றன.

மாலை போட்டவர் 48 நாள் தொடமாட்டார். கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நிற்பார். "மன உறுதி இல்லாத ஆளு" என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். உறுதி இல்லாதவர் எப்படி 48 நாள் இருந்தார்? அந்த நாட்களில் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழிகாட்ட ஒரு குருசாமி, கூடவே மாலை போட்ட பத்துப் பேர், சாயங்காலமானால் பஜனை, 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற தெரு. 49வது நாள் இதில் எதுவுமே இல்லை. பழைய நண்பர்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

அந்த 49வது நாளுக்கான ஏற்பாடுதான் ஏ.ஏ. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவர் ஒரு ஓட்டலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை, பக்கத்திலேயே பார். அவர் அங்கிருந்த சர்ச் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் போன் செய்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்த ஜூன் 10ஆம் தேதிக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. பில்லும்தான். கேட்டவருக்கு மட்டுமல்லாமல் சொன்னவருக்கும் அது மருந்தாக இருந்தது.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்? பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். அட்வைஸ் கிடையாது, கட்டணம் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்களே முடிந்ததைப் போடுவார்கள், வெளியார் பணம் வாங்கமாட்டார்கள். முதல்நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், சேர வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொரு ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயப்படுகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பார்த்தால்தான் என்ன? அவரும் அதற்குத்தானே வந்திருக்கிறார்!

பல இடங்களில் சர்ச் வளாகத்தில் கூட்டம் நடப்பதால், மதம் மாற்றுகிறார்களோ என்று ஒரு சந்தேகம் உண்டு. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல, அறை மட்டும்தான் அவர்களுடையது. ஆனால் கடவுள் பேச்சு நிறையவே வரும், அதை மறைத்துப் பயனில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் புரிந்த கடவுளை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நாத்திகருக்கு அது உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏ.ஏ. வழிக்கு ஆட்களை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளைவிட மேலாக இருந்ததாகச் சொன்னது.

ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். முதலில் டாக்டர், பிறகுதான் கூட்டம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

மது உயிருக்குக் கேடு என்று பாட்டிலிலேயே எழுதுகிற அரசு, கடைச் சுவரில் பக்கத்துக் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் எழுதினால் என்ன? ஏ.ஏ. யாருடனும் கூட்டு வைத்துக்கொள்ளாது என்பார்கள். இரண்டு வரி எழுதிப் போட எதற்குக் கூட்டு? 2003இலிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில்தானே இருக்கிறது. பெயின்ட் செலவு ஒரு பெட்டி பீர்கூட ஆகாது.

அப்பா எதற்கும் வரமாட்டேன் என்கிறாரா? பில்லின் மனைவி லோயிஸ், குடும்பத்தினருக்காகவே 1951இல் அல்-அனான் என்ற தனி அமைப்பை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கினார். அதற்கு அம்மா மட்டும் போகலாம். அப்பா குடித்துக்கொண்டிருக்கும்போதே போகலாம்.