கயிற்றைப் பிடிப்பவர் யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாள்களில், பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவுகளில் ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? தூத்துக்குடியில் அந்த முடிவு பெரும்பாலும் பள்ளி அலுவலக வாசலில், விண்ணப்பம் நிரப்பும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூடப் படித்தவன் எடுத்த குரூப், மதிப்பெண்ணுக்குக் கிடைத்த குரூப், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இருக்கிற குரூப்.

"கப்பலுக்குப் போவேன்" என்று சிறு வயது முதல் சொல்லிவந்த பையனை எடுத்துக்கொள்வோம். துறைமுக நகரத்தில் இந்த ஆசை இயல்பானது. கப்பல் அதிகாரி ஆவதற்கான பட்டப்படிப்பில் சேர இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்து 60 விழுக்காடு வேண்டும், ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தனியே 50 விழுக்காடு வேண்டும். நிறக்குருடு இருந்தால் கப்பல் ஓட்டும் பிரிவில் இடமில்லை. வணிகவியல் குரூப் எடுத்த பையனுக்கு அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே மூடிவிட்டது. அது அவனுக்குத் தெரியவருவது பதினேழு வயதில். கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டு, உயிரியல் இல்லாத குரூப்பில் சேர்ந்த பெண்ணின் கதையும் இதுதான். 1977 முதல் இதே ஊரில் மீன்வளக் கல்லூரி இயங்கிவருகிறது. ஊரில் கல்லூரி இருந்தும் அதன் வாசலுக்குப் போகும் வழியை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

"பெரியவனாகி என்ன ஆகப் போறே?" என்று நாம் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிறோம். கலெக்டர், டாக்டர், கேப்டன் என்று பதில் வந்ததும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். "சரி, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம்?" என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் மிகக் குறைவு. அந்தக் கேள்விக்குப் பொறுப்பு பிள்ளைக்கு மட்டும் உரியதில்லை, ஆசிரியருக்கு மட்டும் உரியதுமில்லை. இந்த ஊர் முழுவதற்கும் உரியது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

குறிக்கோள் பெரிதாக இருந்தால் போதும், பிள்ளை தானாக ஓடும் என்று நம்புகிறவர்கள் பலர். உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. கணக்கில் மிகவும் பின்தங்கி, அதில் ஆர்வமும் அற்றுப்போன சிறுவர்களுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சி கொடுத்தார்கள், ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கமாவது முடிக்கலாம் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கலாம் என்றார்கள். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான். ஆனால் ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள் வேகமாக முன்னேறினார்கள், தங்களால் முடியும் என்று நம்பத் தொடங்கினார்கள், கணக்கு மீதே விருப்பம் கொண்டார்கள். தூரத்துக் குறிக்கோளை மட்டும் பெற்றவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் கிடைக்கவில்லை.

ஆர்வம் இருந்தால்தான் முயற்சி வரும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் எல்லையை வைத்து, அதைத் தொட்ட மகிழ்ச்சியைக் கொடுத்தால் ஆர்வம் பின்னால் வருகிறது. "நல்லாப் படி" என்று சொல்வதைவிட "வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பாடத்தின் பத்துக் கணக்கு" என்று சொல்வது பெரிய உதவி.

அந்தச் சிறிய எல்லையும் பிள்ளை வாழும் வீட்டுக்குப் பொருந்த வேண்டும். தூத்துக்குடியின் விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. திரேஸ்புரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இரவு ஒன்பதரை மணி படிக்கும் நேரமாக இருக்க முடியாது. அப்பா வந்திருப்பார், சாப்பாடு நடக்கும், நாளைய பயணத்துக்கான பேச்சு நடக்கும். முள்ளக்காட்டில் அம்மா விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டால் தம்பி தங்கைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது மூத்த பெண்ணின் வேலையாகிவிடுகிறது. "காலை நாலு மணிக்கு எழுந்து படி" என்ற பொதுவான அறிவுரை அவளுக்கு எதற்கு? அவளோடு உட்கார்ந்து, அவளுடைய நாளில் எந்த அரைமணி அவளுடையது என்று கண்டுபிடித்துத் தர ஒருவர் வேண்டும். பங்குக் கோயில் மண்டபமோ, பள்ளிவாசல் வளாகமோ, கோயில் மண்டபமோ, ஊர் நூலகமோ மாலை ஆறு முதல் எட்டு வரை விளக்கோடும் ஒரு பெரியவரின் மேற்பார்வையோடும் திறந்திருந்தால், பல வீடுகளில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தக் கரைக்கு ஒரு தனி நாள்காட்டி இருப்பதையும் நாம் பயன்படுத்தவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் நாள்கள் அவை. பொதுத்தேர்வு முடிவுகள் வருவதும், பிளஸ் ஒன் சேர்க்கையும் கல்லூரி விண்ணப்பமும் நடப்பதும் ஏறக்குறைய அதே நாள்களில்தான். வருடம் முழுக்கப் பள்ளிக்கு வர இயலாத அப்பாக்கள் அப்போது வர முடியும். அவர்களை அழைக்கும் கூட்டம் எத்தனை பள்ளிகளில் நடக்கிறது? நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை என்பதால் அவர்களுக்கு வேறு நாள் பார்க்க வேண்டும். உப்பளக் குடும்பங்களின் கணக்கு நேர் எதிரானது. வெயில் ஏறும் மார்ச் முதல் ஜூன் வரை அவர்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அளம் வெள்ளத்தில் மூழ்கி வேலை நின்றுவிடுகிறது. அவர்களோடு பேச வேண்டிய மாதம் நவம்பர். பெற்றோர் கூட்டத் தேதியை வைக்கும்போது கடலையும் வானத்தையும் பார்த்து வைத்தால் வருகை கூடும்.

இந்தக் கடல் நமக்கு இன்னொன்றையும் சொல்லித் தந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனது. அது நடந்த காலத்தில் யாரும் நினைத்த நேரத்தில் கடலில் குதித்ததில்லை. முதலில் சிப்பி வளரும் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். முதிராத சிப்பி என்றால் காத்திருப்பார்கள். குளிக்க இறங்குபவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்; படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண் எடுக்காமல் நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் இழுத்தாக வேண்டும். மூச்சு குளிப்பவருடையது, அது தீரும் முன் மேலே கொண்டுவரும் பொறுப்பு கயிறு பிடித்தவருடையது. இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மேலே ஒருவர் நிற்கிறார்?

அரசு தன் பங்குக்குச் சில வாசல்களைத் திறந்திருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் வழிகாட்டலையும் திறன் பயிற்சியையும் தருகிறது. அதன் உயர்வுக்குப் படி முகாம்கள், பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராமல் நின்றவர்களைத் தேடி அழைக்கின்றன. புதுமைப் பெண் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த மாணவிகளுக்கும் விரிந்தது 2024 டிசம்பர் 30 அன்று, தூத்துக்குடியில் நடந்த விழாவில்தான். அத்திட்டம் தரும் மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு மாணவியின் பேருந்துச் செலவைத் தாங்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியை அது நினைவூட்டாது. நுழைவுத் தேர்வில் ஒருமுறை தவறியதும் எல்லாவற்றையும் விட்டுவிட நினைக்கும் இரவில் பக்கத்தில் உட்காராது. அதற்கு ஆள் வேண்டும்.

ஆள் நம்மிடம் உண்டு. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டி (பைலட்) முதல் கணக்கர் வரை வேலை பார்க்கிறார்கள். மீன்வளக் கல்லூரி மாணவர்கள், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், மின்கார் தொழிற்சாலையின் பொறியாளர்கள், தோணி உரிமையாளர்கள், கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் மாலுமிகள் என எல்லோரும் பள்ளிகளில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்கள். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழுந்துகொண்டிருக்கிறது. அங்கே என்னென்ன வேலை இருக்கும், அதற்கு எந்தப் படிப்பு வேண்டும் என்று உடன்குடிப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாமல் போனால் அந்தக் குறை நம்முடையது.

பெரிய குறிக்கோளைச் சிறு பங்குகளாகப் பிரித்துப் பலர் சேர்ந்து சுமக்கலாம் என்று நாட்டுக்குக் காட்டிய ஊர் இது. வ.உ.சி. தொடங்கி 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. வாடகைக்குக் கப்பல் தந்த நிறுவனம் ஆங்கிலேயர் நெருக்கடியில் பின்வாங்கியபோது வ.உ.சி. கொழும்பில் இருந்து வேறு கப்பல் அமர்த்தினார். அதோடு நில்லாமல் சொந்தக் கப்பல் வாங்க பம்பாய் போனார். 1907-இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. தடை வந்த இடத்தில் அவர் குறிக்கோளை மாற்றவில்லை, அடுத்த அடியை மாற்றினார். வகுப்பறையில் வ.உ.சி.யின் படத்துக்கு மாலை போடும் நாளில் இந்த ஒரு வருட நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளோடு வரிசையாகப் பேசலாம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். குறிக்கோள் என்ற பெயரில் நம் ஆசையைப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. வீடுகளில் அந்தப் பட்டியல் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் நம் பிள்ளையின் அளவுகோலாகிறது. "அப்பாவோடு கடலுக்குப் போகிறேன்" என்று ஒரு பையன் தெளிந்து சொன்னால் அதையும் குறிக்கோளாக மதிக்க வேண்டும். அவனுக்கும் படிகள் உண்டு: எதிரொலிமானியைப் படிக்கத் தெரிய வேண்டும், இயந்திரம் பழுது பார்க்கத் தெரிய வேண்டும், ஏலக்கூடத்தில் விலை பேசத் தெரிய வேண்டும், கடனில்லாமல் வள்ளம் வாங்கச் சேமிக்கத் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியதை ஒவ்வொரு பள்ளியின் மேலாண்மைக் குழுவும் தொடங்கலாம். அந்தக் குழுவின் தலைவர் ஒரு பெற்றோர். 2024-இல் மாற்றியமைக்கப்பட்ட குழுக்களில் முன்னாள் மாணவர்களும் உறுப்பினர்கள். பத்தாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு கூட்டம் வைத்து, எந்த குரூப் எந்தப் படிப்புக்குப் போகிறது என்பதைப் பெரிய தாளில் எழுதி வகுப்பில் ஒட்ட வேண்டும். பிளஸ் டூ படிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். அவர் மாதம் ஒருமுறை அவர்களைப் பார்த்து, போன மாதம் வைத்த சிறு எல்லை என்னவாயிற்று என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். துறைமுகமும் தொழிற்சாலைகளும் உப்பு உற்பத்தியாளர்களும் தங்கள் ஊழியருக்கு இதற்கென மாதம் அரைநாள் விடுப்பு தர முடியும். விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே, ஏப்ரல் 15-க்கும் 22-க்கும் இடையில், அப்பாக்களைப் பள்ளிக்கு அழைத்துவரும் பொறுப்பை ஏற்கட்டும். நேரமும் இடமும் சொல்லும் கடிதத்தைப் பள்ளிகள் மார்ச் மாதமே அனுப்பிவிடட்டும்.