மறைதலும் ஒழிதலும்

கழுத்தில் எழுந்த கழலை கரைந்துவிட்டது, காய்ச்சல் நீங்கிற்று, உண்ட உணவும் உடலில் ஒட்டிற்று. இந்நிலையில் நோயாளியும் அவர்தம் சுற்றத்தாரும், 'இனி மருந்து எதற்கு?' என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றுநோயைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் உயிருக்கே கேடாய் முடியும். கண்ணுக்கு மறைதல் வேறு. வேரோடு ஒழிதல் வேறு.

இவ்வேறுபாட்டை மருத்துவ உலகம் எளிதில் உணர்ந்திலது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தார், போருக்கென ஆராயப்பட்ட நச்சுப்பொருளாகிய நைட்ரஜன் மஸ்டர்டை இந்நோயாளர் ஒருவருக்குச் செலுத்தினர். கட்டிகள் சின்னாளில் வியக்கத்தக்க வகையில் உருகின. ஆனால், நோய் மீண்டும் தலையெடுத்தது. அவ்வாண்டு முடியுமுன் அவர் இறந்தார். தனி மருந்தின் வலிமை அவ்வளவே. அதற்குத் தப்பிய ஒருசில உயிரணுக்கள் பல்கிப் பெருகின், அம்மருந்துக்கு அடங்காத நோயாய்த் திரும்பும்.

1964ஆம் ஆண்டில் தேசியப் புற்றுநோய்க் கழகத்து வின்சென்ட் டெவிட்டாவும் அவர்தம் தோழரும், நிணநீர்ப் புற்றின் ஒரு வகையாகிய ஹாட்ஜ்கின் நோய்க்கு நான்கு மருந்துகளை ஒருங்கே வழங்கத் துணிந்தனர். அவற்றுள் ஒன்று வின்கிரிஸ்டின். தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்று இழித்துரைக்கப்படும் நித்தியகல்யாணியே அதன் பிறப்பிடம்! நைட்ரஜன் மஸ்டர்டு உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கும். வின்கிரிஸ்டின் உயிரணு இரண்டாய்ப் பிரிவதைத் தடுக்கும். ஒன்றற்குத் தப்பியது மற்றொன்றற்கு இரையாகும். மேலும், முன்னது எலும்பு மச்சையை நலிவிக்கும். பின்னதோ பெரிதும் நரம்பையே வருத்தும். தீங்கு ஓரிடத்தே குவியாமையால் இரண்டையும் நிறைந்த அளவில் தர இயன்றது. இரு வாரம் மருந்து. மச்சை தேறுதற்கு இரு வாரம் ஓய்வு. இவ்வாறு ஆறு சுற்றுக்குக் குறையாமல் மருத்துவம் நடந்தது. கட்டி மறைந்த பின்னரும் சுற்றுகள் தொடர்ந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது. 1970இல் வெளியான அறிக்கையின்படி, நோய் முற்றிய 43 பேருள் 35 பேரிடம் நோயின் அடையாளமே இல்லாதாயிற்று. அவருள் பலர் பல்லாண்டு நோய் திரும்பாமல் வாழ்ந்தனர்.

இம்மருத்துவம் குறையற்றதன்று. மகப்பேறின்மையும், சிலருக்குப் பின்னாளில் குருதிப்புற்றும் விளைந்தன. ஆதலின், 1970களில் மிலான் நகரத்துப் போனடோனா தீங்கு குறைந்த வேறு நான்கு மருந்துகளை இணைத்தார். மருந்துகள் மாறினும் முறை மாறவில்லை.

குமட்டலுக்கும் முடியுதிர்தலுக்கும் அஞ்சி இடையில் நின்றுவிடும் நோயாளியைக் கடிந்து பயனில்லை. கழலை கரைந்த பின்னும் எஞ்சிய சுற்றுகள் எதற்கு என்பதை மருத்துவர் முதல் நாளிலேயே அவருக்கு விளங்க உரைத்தல் வேண்டும். தொலைவூரிலிருந்து வருவோர்க்கு வழிச்செலவும் தங்குமிடமும் கிடைக்கச் செய்தல் வேண்டும்.